கூட்டத்துக்கு வெளியே உட்கார்ந்திருந்த பிள்ளைகள்

பெற்றோரிடம் வளர முடியாத பிள்ளைகளைப் பற்றிப் பேச இந்தச் சிங்கப்பூரில் ஆளுக்குப் பஞ்சமில்லை. அமைச்சு பேசுகிறது, தொண்டூழிய அமைப்புகள் பேசுகின்றன, கோவில் நிர்வாகங்கள் பேசுகின்றன, அந்தப் பிள்ளைகளைச் சில காலம் வீட்டில் வைத்து வளர்க்கும் என்னைப் போன்ற வளர்ப்புப் பெற்றோரும் பேசுகிறோம். எல்லாரும் நல்ல மனத்துடன்தான் பேசுகிறோம். ஆனால் இந்தத் துறையின் வரலாற்றைப் படிக்கப் படிக்க ஒன்று எனக்கு உறுதிப்பட்டுக்கொண்டே வந்திருக்கிறது. பெரியவர்கள் பிள்ளைகளுக்காகப் பேசியதால் இல்லங்கள் எழுந்தன, சட்டங்கள் வந்தன. அந்த இல்லங்களுக்குள் அன்றாட வாழ்க்கை மாறத் தொடங்கியதோ, பிள்ளைகள் ஒருவரையொருவர் சந்தித்துப் பேச ஆரம்பித்த பிறகுதான்.

எங்கள் வீட்டில் ஒரு பெண் பிள்ளை சில காலம் வளர்ந்தாள். பெயரையோ, அடையாளம் காட்டும் எதையுமோ இங்கே எழுத மாட்டேன். சட்டமும் அதை அனுமதிக்காது. சில விவரங்களை மாற்றியே சொல்கிறேன். அவளுக்கு ஒரு தம்பி. அவன் வேறோர் இடத்தில் வளர்ந்தான். இருவரும் சந்திப்பது ஓர் அலுவலக அறையில். மேசை, நான்கு நாற்காலிகள், மூலையில் ஒரு கூடைப் பொம்மைகள், கண்ணாடிக்கு அப்பால் ஓர் ஊழியர். அவன் ஏழு வயதுப் பையன், நாற்காலியில் எவ்வளவு நேரம் உட்காருவான்? அவளுடைய கோரிக்கை ஒன்றே ஒன்று. தம்பியை நீச்சல் குளத்தில் சந்திக்க வேண்டும். அவனுக்கு நீந்தக் கற்றுக்கொடுக்க வேண்டும்.

அவளுடைய எதிர்காலத்தைப் பற்றி ஆராய்கிற கூட்டம் ஒன்று நடந்தது. நாங்கள் உள்ளே இருந்தோம். அவள் வெளியே நடைவழியில், பள்ளிப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உள்ளே படிவத்தில் பிள்ளையின் கருத்து என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் ஒரு வரிதான் எழுதப்பட்டது: இப்போதைய ஏற்பாட்டில் பிள்ளைக்குச் சம்மதம். அது பொய்யில்லை. அவளுக்கு எங்கள் வீட்டில் இருக்கச் சம்மதம்தான். ஆனால் நீச்சல் குளம் அந்தக் கட்டத்துக்குள் வரவில்லை. வீட்டுக்குப் போகும் பேருந்தில் அவள் கேட்டாள்: "என்னைப் பற்றிய கூட்டத்தில் நான் ஏன் வெளியே இருக்க வேண்டும், ஆன்ட்டி?"

இதே கேள்வியை 1975ஆம் ஆண்டு ஜூன் மாதம் இங்கிலாந்தில் ஏறத்தாழ நூறு பிள்ளைகள் ஒரே கூரையின் கீழ் கேட்டிருக்கிறார்கள். நேஷனல் சில்ட்ரன்ஸ் பீரோ என்ற அமைப்பு, பெற்றோரைப் பிரிந்து பல உள்ளாட்சிகளின் பராமரிப்பில் இருந்த இளையர்களை ஒரு நாள் மாநாட்டுக்கு அழைத்தது. இல்லங்களில் வளரும் பிள்ளைகள் தங்கள் வாழ்க்கையைப் பற்றித் தாங்களே ஒரு மேடையில் பேசுவது அன்றைக்குப் புதுமை. லீட்ஸ் நகரில் மட்டும் அதற்குச் சற்று முன்பே ஆட்-லிப் என்ற பெயரில் ஒரு சிறு இளையர் குழு இயங்கிவந்தது. மாநாட்டோடு கலைந்துபோகாமல் சிலர் தொடர்ந்து கூடினார்கள். அவர்கள் சொன்னவை 1977இல் 'ஹூ கேர்ஸ்?' என்ற தலைப்பில் நூலாக வந்தன. கூடவே ஓர் உரிமைப் பட்டியலும் வந்தது.

அந்தப் பிள்ளைகள் கேட்டவற்றைப் படித்தபோது நான் சற்று நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். பெரிய தத்துவம் எதையும் அவர்கள் கேட்கவில்லை. எங்களைப் பற்றிய கூட்டங்களில் எங்களையும் உட்கார வையுங்கள். எங்கள் கோப்பில் என்ன எழுதுகிறீர்கள் என்று சொல்லுங்கள். உடை வாங்கக் காசாகக் கொடுங்கள், சீட்டாகக் கொடுக்காதீர்கள். இந்தச் சீட்டு விஷயத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அன்று இங்கிலாந்தில் இல்லத்துப் பிள்ளைக்குச் சட்டையோ காலணியோ வேண்டுமென்றால் நகர மன்றத்தின் கொள்முதல் சீட்டுடன் குறிப்பிட்ட கடைக்குப் போக வேண்டும். கல்லாவில் அந்தச் சீட்டை நீட்டிய கணத்தில் வரிசையில் நிற்பவர்கள் அனைவருக்கும் இந்தப் பிள்ளை யாரென்று தெரிந்துவிடும். நிர்வாகத்துக்கு அது கணக்கு வசதி. பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு அது ஊர் பார்க்கும் அவமானம். எந்த அதிகாரியும் கொடுமைக்காரர் இல்லை. கல்லாவின் முன் நின்றவர் யாரும் அந்த விதியை எழுதவில்லை, அவ்வளவுதான்.

1978இல் ஸ்காட்லாந்தில் 'ஹூ கேர்ஸ்? ஸ்காட்லாந்து' உருவானது. 1979இல் இங்கிலாந்தில் பராமரிப்பிலுள்ள இளையர்களின் தேசியச் சங்கம் பிறந்தது. ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து அதை நேப்பிக் என்று அழைத்தார்கள். பராமரிப்பில் இருந்தவர்களும் இருந்து வெளியேறியவர்களும் தாங்களே நடத்திய சங்கம் அது. நாடாளுமன்றக் குழுவின் முன் போய்ப் பேசினார்கள். 1989ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டம் வந்தபோது, பிள்ளையின் விருப்பத்தையும் உணர்வையும் கேட்டறிவதும், புகார் சொல்ல ஒரு முறையான வழி வைப்பதும் உள்ளாட்சிகளின் கடமையாக எழுதப்பட்டன.

புகார் வழி ஏன் அத்தனை முக்கியம் என்பதற்கு அதே காலத்து ஸ்டாஃபர்ட்ஷயர் சாட்சி. 1983 முதல் 1989 வரை அந்த வட்டாரத்து இல்லங்கள் சிலவற்றில் பின்டவுன் என்றொரு முறை கையாளப்பட்டது. அடங்காத பிள்ளை என்று கருதப்பட்டவர்களை வெறும் அறையில் தனியே அடைத்தார்கள். இரவு உடையிலேயே இருக்க வேண்டும், காலணி கிடையாது, கழிவறைக்குப் போகவும் கதவைத் தட்டி அனுமதி கேட்க வேண்டும். குறைந்தது 132 பிள்ளைகள் இதற்கு ஆளானார்கள் என்று 1991இல் வந்த விசாரணை அறிக்கை கூறியது. திருடனைப்போல ஒளிந்து யாரும் இதைச் செய்யவில்லை. ஊழியர்கள் தினமும் பதிவேட்டில் எழுதி வைத்தார்கள். சரியான நடைமுறை என்று நம்பினார்கள். பிள்ளைகள் சொன்னதைக் காதில் வாங்க ஆளில்லாத இடத்தில் இப்படித்தான் நடக்கும்.

எல்லாப் பெரியவர்களும் காது கேளாதவர்களாக இருந்தார்கள் என்று சொல்லிவிட முடியாது. இதற்கெல்லாம் வெகு முன்பே, 1912இல், வார்சாவில் யூதப் பிள்ளைகளுக்கான இல்லம் ஒன்றை யானுஷ் கோர்ச்சாக் என்ற மருத்துவர் நடத்தத் தொடங்கினார். அங்கே பிள்ளைகளே நீதிபதிகளாக இருந்த நீதிமன்றம் உண்டு. ஊழியர்கள் மீதும், கோர்ச்சாக் மீதும்கூட வழக்குப் போடலாம். போடவும் செய்தார்கள். 1926இல் பிள்ளைகளே எழுதும் செய்தித்தாள் ஒன்றையும் தொடங்கிவைத்தார். 1942இல் நாஜிகள் அந்த இல்லத்துப் பிள்ளைகளை டிரெப்ளிங்கா முகாமுக்குக் கொண்டுசென்றபோது அவரும் உடன் சென்று உயிரிழந்தார். அதிகாரத்தில் இருக்கும் பெரியவர் அதில் ஒரு பங்கைப் பிள்ளைகளிடம் எழுத்துப்பூர்வமாகக் கொடுத்துவிட முடியும் என்பதை அவர் செய்து காட்டியிருக்கிறார்.

சிங்கப்பூருக்கு வருகிறேன். விக்டோரியா ஸ்திரீட்டில் இன்று உணவகங்களும் திருமண நிகழ்ச்சிகளுமாக இருக்கும் சைம்ஸ் வளாகம், 1854இல் கன்னியாஸ்திரீகள் தொடங்கிய கான்வென்ட். அதன் சுவரில் நம்பிக்கை வாயில் என்று அழைக்கப்படும் சிறிய கதவு இன்றும் இருக்கிறது. வளர்க்க வழியில்லாதவர்கள் கைக்குழந்தைகளை அங்கே விட்டுச் செல்வார்கள். போருக்குப் பிறகு, 1946இல், சமூக நலத்துறை உருவானது. 1948இல் புக்கிட் தீமாவில் பாய்ஸ் டவுன் தொடங்கியது. பார்ட்லி சாலையில் ராமகிருஷ்ண மிஷனின் சிறுவர் இல்லம், போரில் ஆதரவிழந்த பிள்ளைகளுக்குச் சோறும் பள்ளியும் கொடுத்தது. 1952இல் சிங்கப்பூர் சிறுவர் சங்கம். 1956இல் நான் இன்று சேர்ந்திருக்கிற வளர்ப்புப் பராமரிப்புத் திட்டம். நம் முன்னோர் செய்த இந்தக் காரியங்களை நான் கும்பிடுகிறேன். இவை இல்லாமல் உயிரோடு இருந்திராத பிள்ளைகள் எத்தனையோ பேர்.

ஆனால் அந்தக் காலத்துச் சிங்கப்பூரில் எல்லாரும் பேசிய ஒரு பிள்ளை உண்டு. மரியா ஹெர்டோக் என்ற நட்ரா. டச்சுத் தந்தைக்கும் யுரேஷியத் தாய்க்கும் ஜாவாவில் பிறந்து, போர்க்காலத்தில் அமினா என்ற தாயிடம் முஸ்லிமாக வளர்ந்தவள். 1950இல், பதின்மூன்று வயதில், அவள் யாரிடம் வளர வேண்டும் என்ற வழக்கு நடந்துகொண்டிருந்தபோது யார்க் ஹில்லில் இருந்த சமூக நலத்துறை இல்லத்தில் தங்கவைக்கப்பட்டாள். பின்னர் தாம்சன் சாலையில் இருந்த கான்வென்டுக்கு மாற்றப்பட்டாள். அங்கே மாதா சிலையின் முன் அவள் இருக்கும் படங்கள் செய்தித்தாள்களில் வெளியாயின. டிசம்பர் 11ஆம் தேதி கலவரம் வெடித்தது. 18 பேர் இறந்தார்கள், 173 பேர் காயமடைந்தார்கள். நம் பள்ளிகளில் இதை இன, சமய நல்லிணக்கப் பாடமாகச் சொல்லித் தருகிறோம், சரிதான். எனக்கு அது பராமரிப்பில் இருந்த ஒரு பிள்ளையின் வரலாறாகவும் படுகிறது. இரண்டு குடும்பங்கள், இரண்டு சமயங்கள், இரண்டு அரசாங்கங்கள் அவள் பெயரில் பேசின. அவள் முகம் அத்தனை செய்தித்தாள்களிலும் இருந்தது.

இன்று அப்படி ஒரு படம் வெளியாக முடியாது. பராமரிப்பில் உள்ள பிள்ளையை அடையாளம் காட்டும் எதையும் வெளியிடுவதைச் சிறுவர், இளையர் சட்டம் தடுக்கிறது. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் அந்தப் பாதுகாப்பை வயது வந்த பிறகும் தொடரச் செய்தது. இதை நான் முழு மனத்துடன் ஆதரிக்கிறேன். ஒரு பிள்ளையின் குடும்பத் துயரம் இணையத்தில் என்றென்றைக்கும் கிடக்கக் கூடாது. அதே நேரத்தில் இதன் மறுபக்கத்தையும் யோசிக்க வேண்டியிருக்கிறது. லீட்ஸிலும் ஸ்காட்லாந்திலும் நடந்தது என்ன? இளையர்கள் தங்கள் முகத்தோடும் பெயரோடும் எழுந்து நின்றார்கள். பாதுகாப்புக்காக எழுப்பிய சுவருக்குள் அவர்கள் ஒருவரையொருவர் அறியாமலே வளர்ந்துவிட்டால், சேர்ந்து நிற்பது எப்படி? அதனால்தான் இங்கே வெளிச்சம் விழாத, பெயர் வெளியாகாத, ஆனால் அவர்களுக்கே சொந்தமான கூடுமிடம் இன்னும் அதிகமாகத் தேவைப்படுகிறது.

ஐ.நா. சிறுவர் உரிமை உடன்படிக்கையில் சிங்கப்பூர் 1995ஆம் ஆண்டு அக்டோபரில் இணைந்தது. தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லவும் அந்தக் கருத்துக்கு உரிய மதிப்புக் கிடைக்கவும் பிள்ளைக்கு உரிமை உண்டு என்கிறது அதன் 12ஆம் பிரிவு. இணைந்தபோதே சிங்கப்பூர் ஒரு விளக்கத்தையும் சேர்த்தது. 12 முதல் 17 வரையுள்ள பிரிவுகளின் உரிமைகள், பெற்றோர், பள்ளி, பொறுப்பில் இருப்பவர்கள் ஆகியோரின் அதிகாரத்தை மதித்தும், இந்தப் பல்லின, பல சமயச் சமுதாயத்தின் வழக்கங்களுக்கும் விழுமியங்களுக்கும் ஏற்பவும் பயன்படுத்தப்பட வேண்டும் என்பது அதன் சாரம். பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாதே என்று சொல்லி வளர்க்கப்பட்டவள் நான். அந்த விளக்கம் எந்த மண்ணிலிருந்து வந்தது என்று எனக்குப் புரிகிறது. சாதாரண வீட்டில் அது பெரும்பாலும் சரியாகவும் வரும். அப்பா கண்டித்தால் பாட்டி பரிந்து பேசுவாள், மாமா வந்து சமாதானம் செய்வார். பராமரிப்பில் இருக்கும் பிள்ளைக்கு அந்தப் பாட்டியும் மாமாவும் பக்கத்தில் இல்லை. பெற்றோரின் அதிகாரத்தையே நீதிமன்றம் ஒதுக்கி வைத்திருக்கிறது. ஆக, சொந்தக் குரல் மற்ற எந்தப் பிள்ளையைவிடவும் அவளுக்குத்தான் அதிகம் தேவை.

1984இல் சிறுவர் சங்கம் டிங்கில் ஃபிரெண்ட் தொலைபேசிச் சேவையைத் தொடங்கியது. தனிமையில் இருக்கும் பிள்ளைகள் அழைத்துப் பேசலாம். அருமையான சேவை. ஆனால் தொலைபேசியில் ஒரு பிள்ளை தனியாகத்தான் பேசுகிறது. இதுதான் நான் சுற்றிச் சுற்றி வந்து நிற்கும் இடம். ஒரு பிள்ளை தனியாக நீச்சல் குளம் கேட்டால் அது அடம். நூறு பிள்ளைகள் சேர்ந்து கேட்டால் அது கொள்கை. ஸ்காட்லாந்தில் அப்படித்தான் நடந்தது. பராமரிப்பில் பிரிக்கப்பட்ட உடன்பிறப்புகளின் அனுபவங்களை முன்வைத்து 2018இல் ஒரு கூட்டியக்கம் தொடங்கியது. 2021ஆம் ஆண்டு ஜூலையில், உடன்பிறப்புகளைக் கூடியவரை ஒன்றாக வளர்ப்பதும், முடியாவிட்டால் அவர்களின் உறவைப் பேணுவதும் அங்கே சட்டக் கடமையாகிவிட்டன. அதற்கு முந்தைய ஆண்டு வந்த பராமரிப்பு மறுஆய்வு 5,500க்கும் மேற்பட்டவர்களிடம் கேட்டு எழுதப்பட்டது. அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் பராமரிப்பில் வாழ்ந்தவர்கள். நடைவழியில் உட்கார்ந்திருந்த என் பெண்ணின் கோரிக்கை இன்னொரு நாட்டில் சட்டம் என்பதை அவளிடம் சொன்னபோது அவள் நம்பவில்லை. கைப்பேசியை வாங்கித் தானே தேடிப் பார்த்தாள்.

அவள் எங்கள் வீட்டுக்கு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, தலைமுடியில் சிக்கெடுக்க வெகு நேரம் ஆனது. நல்ல அடர்த்தியான சுருட்டை முடி. அதுவரை எல்லாரும் பயன்படுத்தும் ஷாம்பூவைத்தான் அவளும் போட்டுவந்தாள். எண்ணெய் வைத்து, விரலால் பிரித்து, நுனியிலிருந்து மேலே சீவிக்கொண்டு போக வேண்டும் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. தேக்காவிலிருந்து நல்லெண்ணெயும் சீயக்காயும் வாங்கி வந்தேன். அதைவிடப் பெரிய சிக்கல் மொழி. அவளுடைய பாட்டிக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். இவளுக்கு ஆங்கிலம்தான் வரும். வாரம் ஒருமுறை தொலைபேசியில் பாட்டி பேசுவார், இவள் "ம்" என்பாள். உடன்படிக்கையின் 20ஆம் பிரிவு, பிள்ளையின் இனம், சமயம், பண்பாடு, மொழி ஆகியவற்றின் தொடர்ச்சியைக் கவனிக்கச் சொல்கிறது. அதிகாரிகளுக்கும் அது தெரியும். தமிழ் பேசும் வளர்ப்புக் குடும்பங்கள் போதுமான அளவு முன்வந்தால்தானே அவர்களால் அதைச் செய்ய முடியும்? இங்கிலாந்திலும் இது முதலில் பெரியவர்களின் கவனத்துக்கு வரவில்லை. 1984இல் பிளாக் அண்ட் இன் கேர் என்ற பெயரில் கறுப்பின இளையர்கள் தனியாக ஒரு மாநாடு நடத்தினார்கள். எங்கள் தோலையும் முடியையும் பராமரிக்கத் தெரிந்தவர்கள் இல்லை, எங்கள் சமூகத்தோடு எங்களுக்குத் தொடர்பு இல்லை என்று சொன்னார்கள். இளையர் இயக்கத்துக்குள்ளும் இன்னொரு குரலுக்கு இடம் வேண்டியிருந்தது.

நம்மிடம் எதுவும் நகரவில்லை என்று யாரும் எண்ண வேண்டாம். 2019ஆம் ஆண்டுத் திருத்தங்கள் உண்மையிலேயே பெரியவை. முன்பு பதினாறு வயது வரைதான் சட்டத்தின் பாதுகாப்பு, இப்போது பதினெட்டு வரை. கட்டுக்கடங்காத பிள்ளை என்று பெற்றோரே நீதிமன்றத்தில் முறையிடும் பழைய ஏற்பாடு போய், குடும்ப வழிகாட்டுதல் ஆணை வந்திருக்கிறது. இதில் பெற்றோரும் முதலில் குடும்பத் திட்டம் ஒன்றில் பங்கேற்க வேண்டும். பழுது பிள்ளையிடம் மட்டும் இருக்கிறது என்ற எண்ணமே அதனால் ஆட்டம் கண்டது. நெடுங்காலம் வீடு திரும்ப முடியாத பிள்ளைகளுக்காக மேம்பட்ட ஆணை ஒன்றும் வந்தது. பெற்றோரின் கையெழுத்துக்காக அன்றாட முடிவுகள் காத்துக் கிடப்பதை அது குறைக்கிறது. பள்ளி முகாமுக்கான ஒப்புதல் படிவம் ஒன்று எங்கள் குளிர்பதனப் பெட்டியின் கதவில் வாரக்கணக்கில் தொங்கியது எனக்கு நினைவிருக்கிறது. கையெழுத்து வந்து சேர்ந்தபோது முகாமே முடிந்திருந்தது.

ஆனால் பதினெட்டு, இருபத்தொன்று என்று வயது ஏறும்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஒற்றையராக இருப்பவர் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடு வாங்க 35 வயது ஆக வேண்டும். பெற்றோரை இழந்தவருக்கு 21 வயதிலேயே வழி உண்டு. பராமரிப்பில் வளர்ந்த இளையரில் பலருக்குப் பெற்றோர் உயிருடன் இருக்கிறார்கள், ஆனால் அந்த வீட்டுக்குத் திரும்ப முடியாது. இந்த இரண்டு விதிகளுக்கும் நடுவில் அவர்கள் விழுந்துவிடுகிறார்கள். பையன்களுக்குத் தேசிய சேவையில் வாரம் முழுவதும் படுக்கை கிடைக்கும். வெள்ளி மாலை முகாமிலிருந்து வெளியே வரும்போது எந்த வீட்டுக்கு வண்டி ஏறுவது? இந்த விதியை எழுதியவர்கள் இரக்கமற்றவர்கள் என்று நான் நினைக்கவில்லை. கல்லாவின் முன் சீட்டோடு நின்ற பிள்ளையைப் போலத்தான் இதுவும். அந்த வெள்ளி மாலையை வாழ்ந்தவர்கள் விதி எழுதும் மேசையில் உட்கார்ந்தால், ஒரே வாரத்தில் கண்டுபிடித்துச் சொல்லிவிடுவார்கள்.

நம் சமூகத்திடமும் எனக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது. பிறந்த நாளுக்கும், திதிக்கும், தீபாவளிக்கும் இல்லத்துப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடும் வழக்கம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. நல்ல வழக்கம். ஆனால் பிரியாணிப் பொட்டலத்தை வாங்கும்போது பிள்ளைகள் வரிசையாக நின்று நன்றி சொல்ல வேண்டும், படம் எடுக்க முகம் காட்ட வேண்டும் என்று எதிர்பார்ப்பதை விட்டுவிடுவோம். பதின்ம வயதுப் பிள்ளைக்கு அந்த வரிசையில் நிற்பது எப்படி இருக்கும் என்று அவர்கள்தான் சொல்ல முடியும். நாம் இதுவரை கேட்டதில்லை.

நேப்பிக் 1990களின் நடுவில் மூடப்பட்டது. பணம் நின்றது, சங்கமும் நின்றது. இளையர் சங்கங்கள் எல்லாவற்றுக்கும் இருக்கிற ஆபத்து இது. உறுப்பினர்கள் வளர்ந்து போய்விடுவார்கள், அடுத்த தலைமுறையைச் சேர்க்க ஆளும் இடமும் காசும் வேண்டும். காசு கொடுப்பவர் கையைத் திருகினால் குரல் அடங்கும். கனடாவில் 1985இல் தொடங்கிய இளையர் வலையமைப்பும், கலிஃபோர்னியாவில் 1988இல் தொடங்கிய இயக்கமும், ஆஸ்திரேலியாவில் 1999இல் வந்த கிரியேட் அறக்கட்டளையும் ஒவ்வொரு விதமாக இந்தச் சிக்கலோடு மல்லுக்கட்டியிருக்கின்றன. ஆகவே நிபந்தனை இல்லாத சிறு உதவி, பெரிய விழாவைவிட மதிப்புள்ளது.

இதை வாசிப்பவர்களில் கோவில் நிர்வாகக் குழுவில் இருப்பவர்கள் உண்டு, குடியிருப்பாளர் குழுக்களில் இருப்பவர்கள் உண்டு, மண்டபம் வைத்திருப்பவர்கள் உண்டு. உங்களிடம் நான் கேட்பது இதுதான். ஒரு சனிக்கிழமைக்கு உங்கள் மண்டபத்தைக் கொடுங்கள். அமைச்சின் அனுமதியையும் இல்லங்களின் ஒத்துழைப்பையும் முறைப்படி பெறுங்கள். வெவ்வேறு இல்லங்களிலிருந்தும் வளர்ப்பு வீடுகளிலிருந்தும் இளையர்களை அழைத்து வரப் பேருந்துக்குப் பணம் கொடுங்கள். படம் வேண்டாம், பதாகை வேண்டாம், மேடைப் பேச்சு வேண்டாம். பராமரிப்பில் வளர்ந்து இன்று வேலையில் இருக்கும் ஓரிருவர் கூட்டத்தை நடத்தட்டும். நாம் சமையல் பக்கம் இருப்போம். மாலையில் அவர்கள் எழுதித் தருவதை, எழுத்துப் பிழையைக்கூடத் திருத்தாமல், உரியவர்களின் கையில் கொண்டுபோய்ச் சேருங்கள். பதில் வரும்வரை விடாமல் கேளுங்கள்.